மருதமரத்தில் இரண்டு இலைக்கொத்து

தண்ணீரில் பயணம் போகிறவர்கள் ஈரத்துணிக்கென்று தனியாக ஒரு பை கொண்டுபோக வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். திரும்பி வரும்போது நனைந்த இடுப்புச் சாரமும் மிஞ்சிய பிஸ்கட்டும் ஒரே பையில் கிடந்து நாறும். நான் அன்றைக்கு இரண்டு பைகள் கொண்டுபோனேன். ஒன்று ஈரத்துணிக்கு. மற்றது தண்ணீர் புகாத பை, ஃபோன்களைப் போட்டு வைக்க. அந்த இரண்டாவது பை இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது, சேர். அதிலிருந்து தொடங்கச் சொன்னீர்கள். அப்படித் தொடங்கினால் ஒழுங்காக வராது. முதலிலிருந்து சொல்கிறேன். எங்காவது முன்பின் மாறினால் நிறுத்துங்கள். என் நினைவின்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. அதனால்தான் எதையும் திட்டம் போட்டுச் செய்கிறேன்.

என் பெயர் சசிக்குமார். எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். இப்போது மாத்தளையில் ஒரு போர்டிங் அறையில் இருந்துகொண்டு ஃபோட்டோ கொப்பி கடையில் வேலை செய்கிறேன். வேலை முடிந்ததும் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு துணிக்கடை மாடியில் ஆங்கில வகுப்பு. தர்சன், றம்ஸி, ஷிஃபான் மூவரும் அங்கேதான் எனக்குப் பழக்கமானார்கள். தர்சன் ஃபோன் திருத்துகிறவன். றம்ஸி மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காதவன். ஷிஃபான் அவனுடைய வாப்பாவின் மசாலாக் கடையில் நிற்பவன். அவன் மாடிப்படி ஏறும்போதே கறுவா வாசம் முன்னால் வந்துவிடும். வகுப்பில் முதல் நாள் நான் எழுந்து நின்று பெயரைச் சொல்ல முடியாமல் திக்கியபோது, பின்வரிசை வாங்கிலிருந்து எனக்குப் பதிலாக என் பெயரைச் சொன்னவன் அவன்தான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவனை எனக்குப் பிடிக்கும். இது முக்கியமென்று நினைக்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

வகுப்பில் ஒருநாள் எல்லாரையும் கனவுப் பயணம் பற்றிப் பேசச் சொன்னார்கள். தர்சன் மாலைதீவு என்றான். பணக்காரர்கள் போகிற இடம் என்று வகுப்பே அவனைக் கேலி செய்தது. நான் அன்றிரவே தேடிப் பார்த்தேன். பெரிய ஹோட்டல் தீவுகளை விட்டுவிட்டு, அங்கத்திய மக்கள் குடியிருக்கும் சின்னத் தீவுகளில் தங்கினால், அவர்கள் ஏறும் படகிலேயே ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் போனால், எங்களைப் போன்றவர்களுக்கும் கைக்கு எட்டுகிற பயணம்தான். எந்தத் தீவில் தங்குவது, எங்கே சாப்பிடுவது, எல்லாம் நான் கண்டுபிடித்தேன். வெள்ளிக்கிழமை அங்கே அந்தப் படகு ஓடாது என்பதையும் நான்தான் கண்டுபிடித்தேன். ஒவ்வொரு ஊருக்கும் படகு ஓடாத நாள் ஒன்று இருக்கும். அதைத் தெரிந்துகொள்ளாமல் பயணம் போகக் கூடாது.

ஒரு வருடத்துக்கு மேலாக நாங்கள் அதைப் பற்றிக் கதைத்தோம். நான் கதைத்தேன், அவர்கள் கேட்டார்கள் என்பதுதான் சரி.

பிறகு ஒரு மாலை ஷிஃபான் என்னைத் தனியாகத் தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிப்போனான்.

"மச்சான், ஒன்னு சொல்லணும். கோவிக்க மாட்டியே?"

"சொல்லு."

"ஜனவரிக்கு ரூம் போட்டாச்சு. மூணு பேருக்கு."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். அவன் தொடர்ந்து சொன்னான்: "டிக்கட் கெடைக்கல்லண்டு ஒனக்குச் சொல்லுவம்ண்டு தர்சனும் றம்ஸியும் சொன்னாங்க. எனக்கு அது சரியாப் படல்ல. ஒனக்குப் பொய் சொல்ல ஏலாது மச்சான்."

"ஏன் மூணு பேர்?"

அவன் சிரித்தான். "நீ வந்தா அது ட்ரிப் இல்ல, கிளாஸ். எப்ப எழும்பணும், எப்ப சாப்பிடணும், எந்தக் கல்லுல உக்காரணும். சிரிக்கிறதுக்கே நீ நேரம் குறிச்சு வெச்சிருப்ப. ஒரு நாளாவது சும்மா இருந்து பாருடா."

என் தோளில் கை போட்டு நெருக்கிக்கொண்டான். அவன் கை கனமாக இருந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை. மற்ற இருவரும் பொய் சொல்ல நினைத்தபோது இவன் உண்மையைச் சொன்னான். அதற்காக அவனை மதித்தேன். ஆனால் ஒன்றை அவன் அறியவில்லை என்று தோன்றியது. கரையில் நின்றுகொண்டு, தான் வழி சொன்ன படகில் மற்றவர்கள் போவதைப் பார்ப்பது எப்படியிருக்கும் என்பதை. யாரும் சொல்லி அது விளங்காது. நின்று பார்த்தால்தான் விளங்கும்.

நான் அவனிடம் சொன்னது இவ்வளவுதான்: "பரவாயில்ல. போறதுக்கு முந்தி ஒரு ஒத்திகை பாருங்க. நான் கூட்டிட்டுப் போறேன். இங்கயே தீவு இருக்கு."

நாவுலை தாண்டி உள்ளே போனால் நீர்த்தேக்கம் இருக்கிறதே, சேர், அதைக் கட்டியபோது குன்றுகளின் இடுப்பு வரை தண்ணீர் ஏறியது. உச்சிகள் மட்டும் வெளியே நிற்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் தீவுக் கூட்டம் போலவே இருக்கும். கரையோரத்தில் செத்த மரங்கள் தண்ணீருக்குள் நின்றபடியே வெளுத்துப் போயிருக்கும். நான் முன்பே தனியாகப் போய்ப் பார்த்து வைத்திருந்தேன். மீன் பிடிக்கிற குணே அய்யா, அவருடைய தம்பி சுனில், இருவரிடமும் ஆளுக்கொரு ஃபைபர் தோணி. ஒரு தோணியில் இரண்டு பேருக்குமேல் ஏற்றமாட்டார்கள். எங்கள் நான்கு பேருக்கும் அது பொருந்தியது.

நண்பர்கள் உடனே சம்மதித்தார்கள். மனதில் உறுத்தல் உள்ளவர்கள் சீக்கிரம் சம்மதித்துவிடுவார்கள்.

நாளை நான்தான் குறித்தேன். இல் போயாப் பௌர்ணமிக்கு முதல் நாள். போயா அன்று குணே அய்யாவும் தம்பியும் தண்ணீரில் தோணி இறக்குவதில்லை. முதல் நாள் மாலையே வலைகளை எடுத்துவிட்டு, மறுநாள் வெள்ளை உடுத்து, சில் எடுத்து நோன்பிருக்கப் புத்தர் பன்சலைக்குப் போய்விடுவார்கள். அங்கே அவர்களைத் தவிர வேறு தோணியும் இல்லை. பயணம் முடிந்த மறுநாள் எல்லாருக்கும் விடுமுறை, களைப்பாற வசதி என்றுதான் அந்த நாளைத் தேர்ந்தேன். வேறு காரணம் இருந்ததா என்று நேற்று முழுவதும் என்னையே கேட்டுப் பார்த்தேன். இருந்திருக்கலாம். எனக்கு அது தெளிவாக வரவில்லை.

தர்சனும் றம்ஸியும் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். ஷிஃபானும் நானும் பஸ்ஸில் போனோம். நாலந்தாவில் ஒரு பெண் வெரளிக்காய்க் கூடையோடு ஏறினாள். ஷிஃபான் ஒரு பை வாங்கி, முன்னால் பின்னால் இருந்தவர்களுக்கெல்லாம் நீட்டினான். நாவுலையில் இறங்கும்போது பாதி பஸ் அவனுக்குக் கையசைத்தது. எனக்கு இப்படியெல்லாம் வராது.

லைஃப் ஜாக்கெட் வாடகைக்கு எடுக்க எங்களால் ஆகாது. அதனால் ஆளுக்கொரு பெரிய வெற்றுத் தண்ணீர்க் கேன் கொண்டுவந்திருந்தேன். மூடியை இறுக்கி, கைப்பிடியில் நைலோன் கயிறு கோத்து, தோளுக்குக் குறுக்காகவும் இடுப்பைச் சுற்றியும் கட்டினால் ஆள் மூழ்கமாட்டான். முடிச்சு தண்ணீரில் நழுவக் கூடாதென்று ஒரு முறையைப் பழகி வைத்திருந்தேன். அது தெரியாதவர்களுக்கு அவிழ்க்க வராது. இழுக்க இழுக்க இறுகும்.

ஷிஃபான் முதுகில் கேனோடு கரையில் இரண்டு முறை வட்டமடித்து நடந்து காட்டினான். "டேய் தர்சன், பாருடா, ஆமை ஹஜ்ஜுக்குப் போகுது." பிறகு முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினான். "ஒண்ணுக்குப் போறதுக்கும் ஒன்னக் கேட்டுத்தான் அவுக்கணுமா மச்சான்?"

"ஆமா."

"அல்லாஹ். வாப்பாவே இப்பிடிக் கட்டி வெக்கல்ல என்ன."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

தோணி கட்டும் இடத்தில் ஒரு மருதமரம் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் பக்கத்தில் காட்டுக்குள் போகிறவர்கள், யானையிடமிருந்து காப்பாற்றச் சொல்லி, வழியில் உள்ள மரத்தில் ஒரு இலைக்கொத்தை ஒடித்து மாட்டிவிட்டுப் போவார்கள். அவர்கள் அய்யநாயக்க தெய்வம் என்கிறார்கள். எங்கள் தோட்டத்து ஐயனார்தான். குணே அய்யாவும் தம்பியும் அந்த வழக்கத்தோடு இன்னொன்றையும் சேர்த்திருந்தார்கள். தண்ணீரில் போகிற ஒவ்வொருவரும் ஒரு கொத்தைக் கயிற்றில் கட்ட வேண்டும். திரும்பி வந்ததும் அதை அவிழ்த்துத் தண்ணீரில் விட வேண்டும். மாலையில் மரத்தில் கொத்து மிச்சம் இருந்தால் தீவில் ஆள் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு தோணி வேறு வேறு நேரத்தில் போய் வருவதால், யார் யாரை ஏற்றினார்கள் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. மரத்தைப் பார்த்தால் போதும்.

நல்ல முறை. முதல் தடவை கேட்டபோதே எனக்குப் பிடித்துப்போயிற்று.

தர்சனும் றம்ஸியும் கட்டினார்கள். றம்ஸி, இது எண்ணிக்கைக்குத்தானே என்று கட்டிவிட்டான். ஷிஃபான் மட்டும் தயங்கினான். விளையாட்டுப் பிள்ளை மாதிரி இருப்பானே தவிர இந்த விஷயத்தில் கவனமானவன். குணே அய்யாவிடம் சிங்களத்தில் மரியாதையாகச் சொன்னான்: "அய்யே, கோவிக்க வேணாம். எங்க மார்க்கத்துல இதச் செய்யக் கூடாது."

"கும்பிடச் சொல்லல்ல தம்பி. ஆள் எண்ணத்தான்."

"விளங்குது அய்யே. இருந்தாலும் என் கையால வேணாம்."

குணே அய்யா முகத்தைச் சுளிக்கவில்லை. "அப்ப உனக்காக ஒருத்தர் கட்டட்டும். ஆனா கட்டின கைதான் அவிழ்க்கணும். அது எங்க சட்டம்."

ஷிஃபான் என்னைப் பார்த்தான். "நீயே கட்டுடா எனக்கும். ஒன்கிட்டத்தானே எல்லாம் இருக்கு."

நான் இரண்டு கொத்து கட்டினேன்.

அந்தப் பகல் நன்றாக இருந்தது. நான் அதை மறைக்க விரும்பவில்லை. முதல் தீவில் ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் அத்திவாரம் இருந்தது. தர்சன் அதன்மேல் ஏறி நின்று எங்கள் ஆங்கில வாத்தியார் மாதிரி பேசிக் காட்டினான். இரண்டாவதில் நீர்க்காகங்கள் அடைந்த மரங்கள் தவிர ஒன்றுமில்லை. றம்ஸியின் தலையில் எச்சம் விழுந்தது, அதிர்ஷ்டம் என்றார்கள். ஒவ்வொரு தீவிலும் ஷிஃபான் என் முன்னால் வந்து திரும்பி நிற்பான், நான் முடிச்சை அவிழ்ப்பேன், புறப்படும்போது கட்டுவேன். ஃபோன்கள் நனையாமல் இருக்க எல்லாரிடமும் வாங்கிப் பையில் போட்டிருந்தேன். கத்தியும் என்னிடம்தான், மாம்பழம் வெட்ட. மூன்றாவது தீவில் சோற்றுப் பார்சலைப் பிரித்தோம். ஷிஃபான் என் முட்டையை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு அவனுடைய கருவாட்டுப் பொரியலை எனக்குத் தள்ளினான்.

மூன்றாவது தீவுதான் பெரியது. நடுவில் பாறை முதுகு ஒன்று ஓடுகிறது. ஒரு கரையில் நிற்பவருக்கு மறு கரை தெரியாது. முன்பே பார்த்து வைத்திருந்தேன்.

நக்கிள்ஸ் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை வருவதற்குள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று றம்ஸி அவசரப்பட்டான். கேன்களைக் கட்டி முடித்ததும் ஷிஃபானைக் கூப்பிட்டு, என் பைனாகுலரை அவன் கழுத்தில் மாட்டினேன். "அந்தப் பக்கம் போ. எதிர்க்கரைக்கு யானை தண்ணி குடிக்க வரும். சுனில் அய்யாட தோணி அந்தப் பக்கந்தான் வரும். நானும் சாமான எடுத்துட்டு அங்கதான் வர்றேன்."

அவன் போகத் திரும்பியவன் நின்றான். மற்ற இருவரும் தண்ணீரோரம் இருந்தார்கள். அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"மச்சான், அன்னைக்குச் சொன்னத வாபஸ் வாங்குறன். இந்த வருஷத்துல நான் இவ்வளவு சிரிக்கவேயில்ல. ரூம நாலு பேருக்கு மாத்த ஏலுமாண்டு தர்சன்கிட்டக் கதைக்கிறன். நீ இல்லாம அந்தப் படகு எங்க நிக்கும்ண்டே எங்களுக்குத் தெரியாதுடா."

இதை நான் சொல்லாமல் விட்டிருக்கலாம். அவனும் நானும் மட்டும் கேட்டது. ஆனால் வாக்குமூலம் என்றால் முழுதாக இருக்க வேண்டும்.

நீங்கள் கேட்கப் போவது எனக்குத் தெரியும். அதைக் கேட்ட பிறகுமா என்று. எனக்கும் ஒரு நொடி அப்படித்தான் தோன்றியது. ஆனால் கடைசி நேரத்தில் திட்டத்தை மாற்றுவதால்தான் பயணங்களில் விபத்துகள் நடக்கின்றன. அதோடு, அவன் மனம் மாறியது நான் ஏற்பாடு செய்த ஒரு பகலில் சிரித்ததால். நாளைக்கு வேறு யாராவது சிரிக்க வைத்தால் மறுபடி மாறலாம். விளங்கி மாறுவது வேறு. நான் சொன்னேன், "சரி, அதப் பத்திப் பிறகு பேசுவோம். யானை போயிரும், போ."

அவன் முதுகில் கேன் ஆட, பாறை ஏறி மறைந்தான்.

குணே அய்யா வந்து தர்சனையும் றம்ஸியையும் ஏற்றிக்கொண்டார். ஷிஃபான் எங்கே என்று தர்சன் கேட்டான். யானை பார்க்கிறான், நாங்கள் சுனிலோடு வருகிறோம், நீங்கள் மழைக்கு முதல் வண்டியை எடுங்கள் என்றேன். குணே அய்யா அவர்களைக் கரையில் இறக்கி, கேன் கயிறுகளைத் தன் வலைக்கத்தியால் அறுத்துவிட்டு, மேல்கோடியில் கிடந்த வலைகளை எடுக்கப் போய்விட்டார். போயாவுக்கு முதல் நாள் அல்லவா. பிறகு சுனில் வந்தார், நான் நின்ற கரைக்கு. தோணி எப்போதும் அந்தக் கரைக்குத்தான் வரும். மறு கரையில் செத்த மரங்கள் அடர்த்தி, தோணி போகாது.

"மற்றத் தம்பி?"

"மழைக்குப் பயந்து அண்ணன்ட தோணியில நெருக்கி ஏறிட்டான்."

"மூணு பேரா? எனக்குன்னா அண்ணன் ஏசுவார்," என்று சிரித்துக்கொண்டே துடுப்பைப் போட்டார்.

பாதி வழியில் அவர் துடுப்பை நிறுத்திக் காது கொடுத்தார். "ஏதோ கூப்பிடுது."

"மயில் அய்யே," என்றேன். அந்தக் காட்டில் மயில் நிறைய. மழைக்கு முன் கத்தும். அது ஆள் குரல் மாதிரியே இருக்கும். அன்று அந்த மயில் என் பெயரைச் சொல்லிக் கத்தியது.

கரைக்கு வந்தோம். தர்சனும் றம்ஸியும் தங்கள் கொத்துகளை அவிழ்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மரத்தில் என்னுடைய இரண்டும் இருந்தன. வெயிலில் கொஞ்சம் சுருண்டிருந்தன. சுனில் தோணியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். நான் மரத்தடிக்குப் போய் ஒன்றை அவிழ்த்தேன். தண்ணீரில் விட்டேன். பிறகு மற்றதையும் அவிழ்த்தேன். கட்டின கைதான் அவிழ்க்க வேண்டும். சட்டப்படிதான் செய்தேன்.

சுனில் மரத்தைப் பார்த்தார். வெறுமையாக இருந்தது. அன்று மாலையே கலேவெலயில் மனைவி வீட்டுக்குப் புறப்பட்டுப் போனார். குணே அய்யா வலைகளோடு வந்து சேர்ந்து, மரத்தைப் பார்த்துவிட்டு, தோணியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அவர்கள் இருவரிலும் பிழை இல்லை.

பஸ் நாவுலையைத் தாண்டியதும் பைக்குள் ஃபோன்கள் சத்தம் போட்டன. ஒன்று என்னுடையது, ஒன்று ஷிஃபானுடையது. மற்ற இரண்டையும் தோணி ஏறும்போதே உரியவர்களிடம் கொடுத்திருந்தேன். அவனுடையதில் உம்மா என்று வந்தது. அவருடைய பெயர் மஸூதா. வகுப்பு நண்பர்களுக்கு வட்டிலப்பம் செய்து அனுப்புகிறவர். எடுக்காமல் விட்டால் பயப்படுவார் என்று எடுத்தேன்.

"யாரு, சசி மகனா? ஷிஃபான் எங்க?"

"குளிக்கிறான் உம்மா. இங்க நல்ல மழை. ரெண்டு நாளைக்கு என்ட ரூம்லதான் நிக்கிறேன்னு சொல்லச் சொன்னான். போயா லீவுதானே."

"சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான் உம்மா."

"அவன் ராவைக்குப் போத்தாம படுப்பான். நீங்க பாத்துப் போத்தி விடுங்க மகன்."

போர்த்திவிடுகிறேன் என்று சொன்னேன். அன்றிரவு மழை நிற்கவில்லை.

மறுநாள் மறுபடியும் நான் அங்கே போனேன். ஏன் போனேன் என்று கேட்டீர்கள். குடையை மரத்தடியில் மறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன். நான் எதையும் மறப்பவனில்லை என்று நீங்கள் சொல்லலாம். எனக்கும் அது ஆச்சரியமாகத்தான் இருந்தது.

பன்சலையிலிருந்து ஒலிபெருக்கியில் பிரித் ஓதுவது கேட்டுக்கொண்டிருந்தது. குணே அய்யா வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சட்டையுமாக மரத்தடியில் நின்றார். என்னைக் கண்டதும் கையைக் காட்டினார். மூன்றாவது தீவிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. மெல்லிய புகை, நனைந்த விறகுப் புகை. ஷிஃபான் சிகரெட் குடிப்பான். லைட்டர் அவன் பொக்கெட்டில் இருந்திருக்கிறது. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அது என் தவறு.

"தம்பி, நீங்க நாலு பேரும் வந்துட்டீங்கதானே?"

"வந்துட்டோம் அய்யே."

"அப்ப அது என்ன?"

"நேத்து நாங்க சோளம் சுட்டோம். சரியா அணைக்கல்ல போல. மன்னிச்சுக்கங்க."

அவர் புகையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "ராத்திரி அவ்வளவு மழை. அணையாத நெருப்பா? ஆள் இருக்குன்னா சொல்லு தம்பி. போயா பாக்கமாட்டேன். இப்பவே தோணிய இறக்குறேன். உயிரக் காப்பாத்தினா அதுதான் சில்."

அவர் சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். கவிழ்த்து வைத்த தோணியின் விளிம்பில் ஒரு கை இருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தாலே போதும், போயிருப்பார்.

"யாரும் இல்ல அய்யே," என்றேன். "மரத்தப் பாருங்க."

அவர் மரத்தைப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு தோணியிலிருந்து கையை எடுத்தார். சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு, கொஞ்சம் வெட்கத்தோடு, "வயசு போகுது," என்றார். என் குடையை அவரே எடுத்துத் தந்தார்.

நான் பின்னேரம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவன் தனியாக இல்லை என்பதற்காக. கரையில் நிற்பது எப்படியிருக்கும் என்று அவனுக்கு விளங்குகிறபோது, நானும் இந்தப் பக்கக் கரையில் இருந்தேன். மதியத்துக்குப் பிறகு புகை நின்றது. களைத்துத் தூங்குகிறான் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று நம்புகிறேன்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். போயாவுக்கு மறுநாள் விடியற்காலையில் வலை போடப் போன குணே அய்யாதான் கண்டெடுத்தார். நீந்தி வரப் பார்த்திருக்கிறான். செத்த மரங்களுக்கு நடுவே, தண்ணீருக்குள் கிடந்த ஒரு கிளையில் இடுப்புக் கயிறு சிக்கியிருக்கிறது. மேலே கேன் மிதந்துகொண்டிருந்ததாம். மூடி திறக்கவில்லை, காற்றும் போகவில்லை. அவனுடைய விரல் நகங்கள் முடிச்சில் பிய்ந்திருந்தன என்று நேற்று நீங்கள்தான் சொன்னீர்கள். அவிழ்ந்திருந்தால் பிழைத்திருப்பான் என்றீர்கள். அவிழாத முடிச்சைத்தான் சேர் போட்டேன். நழுவினால் மூழ்கிவிடுவானே என்று.

நான் அவனை மூன்றாவது தீவில் வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்தேன். அவனுடைய கொத்தை நான் அவிழ்த்தேன். அவன் உம்மாவிடம் பொய் சொன்னேன். அவன் உயிரோடு இருந்தபோது, போகத் தயாராக நின்ற தோணியை நிறுத்தினேன். இவ்வளவும் நான் செய்தது. யாரும் சொல்லித் தரவில்லை.

இதையெல்லாம் நானாக வந்து ஏன் சொல்கிறேன் என்று உங்களுக்கு விளங்கவில்லை. குணே அய்யாவைக் கூட்டிவந்து வெளியே வாங்கில் உட்கார வைத்திருக்கிறீர்கள். உள்ளே வரும்போது பார்த்தேன். மரத்தை நம்பியது முட்டாள்தனம் என்று ஒரு கொன்ஸ்டபிள் அவரை ஏசிக்கொண்டிருந்தார். அது நியாயமில்லை. அந்த முறையில் பிழையே இல்லை. இனி அவர்கள் கொத்துக் கட்டுவதை விட்டுவிடக் கூடாது. அதைச் சொல்லத்தான் வந்தேன். அவரை வீட்டுக்கு விடுங்கள்.

இன்னும் ஒன்று, சேர். இதை எழுத வேண்டியதில்லை. ஜனவரி அறை மூன்று பேருக்குப் போட்டது. பெயர் மாற்றுவதென்றால் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், பிந்தினால் கட்டிய காசு போய்விடும். அந்த விதியை முதலில் படித்தவன் நான். தர்சன் இருக்கும் நிலையில் இதெல்லாம் அவனுக்கு ஞாபகம் வராது. வெளியே குணே அய்யாவுக்குப் பக்கத்தில்தான் அவனும் உட்கார்ந்திருக்கிறான். போகும்போது அவனிடம் சொல்லிவிடுங்கள், ஒரு இடம் காலியாக இருக்கிறது, வீணாக்க வேண்டாம் என்று. நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். அவனாகவே நினைத்து என்னைக் கூப்பிட்டால்தான் நன்றாக இருக்கும்.